வெளியேற வழியில்லாத இரும்பு

சேலம், நாமக்கல் பக்கம் ரத்தத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "ரத்தம் கம்மியா இருக்குதுங்க" என்பதுதான் முதலில் வரும். வயசுக்கு வந்த பெண்ணுக்கும் அதுதான், பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான், தறிப்பட்டறையில் தலைசுற்றி உட்கார்ந்தவருக்கும் அதுதான். மருந்தும் எல்லாருக்கும் மனப்பாடம்: முருங்கைக்கீரை, ஆட்டுச் சுவரொட்டி, பேரீச்சை, சத்து மாத்திரை. இதில் பிழை சொல்ல முடியாது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

ஆனால் சில வருடங்களாக இதற்கு நேர்மாறான தாள்களும் வீடுகளுக்கு வருகின்றன. முழு உடல் பரிசோதனை என்று ஏதோ ஒரு தொகுப்புக்குப் பணம் கட்டியிருப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று வரிசையாக வரும் முடிவுகளுக்கு நடுவே 'ஃபெரிட்டின்' என்று ஒரு வரி, தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. 300-க்குள் இருக்க வேண்டியது 700, 900, 1,200 என்று நிற்கும். "இரும்புச்சத்து அதிகம்னா நல்லதுதானுங்களே?" என்று சிலர் மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். சிலர் பயந்துபோய் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கிறார்கள். எண் இறங்கவில்லை. பிறகு வயிற்று டாக்டர், ரத்த டாக்டர், சேலத்தில் ஒரு ஸ்கேன், கோயம்புத்தூரில் இன்னொரு ஸ்கேன் என்று அலைச்சல். கையில் ஒரு கோப்பு முழுக்கத் தாள்கள் சேர்கின்றன. ஏன் ஏறியது என்பதற்கு மட்டும் பதில் சேர்வதில்லை.

பதில் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், கேள்வி பாதியில் நின்றுவிடுவதுதான். அடுத்ததாகக் கேட்க வேண்டியது எது என்பதைத் தெரிந்துகொண்டால் அலைச்சல் பாதியாகக் குறையும். அதே கேள்வியைக் கேட்காமலே இரும்பு மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே குறையின் இரண்டு முனைகள்.

வளர்ந்த மனித உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம்தான். அதில் பெரும்பங்கு சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினாக இருக்கிறது. நாள்தோறும் சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம். தோல் உதிர்வதிலும் குடலின் செல்கள் கழிவதிலும் வெளியே போவதும் அதே அளவுதான். உப்பு கூடினால் சிறுநீரகம் கழிக்கும், சர்க்கரை கூடினால் சிறுநீரில் இறங்கும். இரும்பு கூடினால் கழித்துவிட உடம்பில் ஓர் உறுப்பு கூடக் கிடையாது. மாதவிலக்கு, பிரசவம், ரத்தக் காயம் இவை தவிர மிகுதி இரும்புக்கு வெளியேறும் வழி இல்லை. கல்லீரலில், கணையத்தில், இதயத் தசையில், மூட்டுகளில் படிந்து, வருடக்கணக்கில் அந்தந்த இடத்தை அரிக்கும்.

வெளியேற வழி இல்லாததால் உள்ளே வருவதைத்தான் உடம்பு கட்டுப்படுத்துகிறது. அந்தக் கட்டுப்பாடு ஹெப்சிடின் என்ற ஹார்மோனின் கையில் இருக்கிறது. கல்லீரலில் சுரக்கும் இது 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இரும்பு போதும் என்ற நிலையில் ஹெப்சிடின் ஏறும், குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு இறங்கும் வாசல் அடைபடும். இரும்பு குறைந்தால் ஹெப்சிடின் இறங்கும், வாசல் திறக்கும். இரும்பு மிகுதி நோய்களில் முக்கியமானவை எல்லாம் இந்த வாசல் சரியாக அடைபடாமல் போவதாலோ, வாசலையே தாண்டி ரத்தக்குழாய் வழியாக இரும்பு உள்ளே போவதாலோ வருபவை.

ஒரே எண், இரண்டு கதைகள்

நாமக்கல்காரர்களுக்கு லாரியையும் கிடங்கையும் வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். ரத்தத்தில் இரும்பை ஏற்றிக்கொண்டு ஓடும் லாரி டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம். இறக்கி அடுக்கிவைக்கும் கிடங்கு ஃபெரிட்டின். நூறு லாரி ஓடினால் அதில் இருபதிலிருந்து நாற்பத்தைந்து வரை சரக்கோடு ஓடுவது இயல்பு. இதைத்தான் டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்று சதவீதத்தில் சொல்கிறார்கள். சீரம் அயர்னை (லாரிகளில் இருக்கும் சரக்கு) டி.ஐ.பி.சி. (லாரிகள் மொத்தம் தாங்கும் சரக்கு) என்ற எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது அது. பரிசோதனை நிலையம் கணக்குப் போட்டுத் தராவிட்டாலும் கைப்பேசியில் நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

சிக்கல் எங்கே என்றால், கிடங்கு நிறைந்தாலும் ஃபெரிட்டின் ஏறும், கிடங்கில் தீப்பிடித்தாலும் ஏறும். கிருமித் தொற்று, மூட்டுவாதம், டெங்கு, கல்லீரல் அழற்சி என்று எது வந்தாலும் ஃபெரிட்டின் உயரும். கிருமிக்கு இரும்பு கிடைக்காதபடி ஒளித்துவைப்பது உடம்பின் பழைய தற்காப்பு. கொழுப்பு படிந்த கல்லீரலும், மதுவும் ஃபெரிட்டினை உயர்த்தும். பாதிக்கப்பட்ட கல்லீரல் செல்களிலிருந்து ஃபெரிட்டின் கசிந்து ரத்தத்தில் கலப்பதே போதும்.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். 46 வயது ஆண், ஃபெரிட்டின் 620. சீரம் அயர்ன் 88, டி.ஐ.பி.சி. 310. வகுத்தால் 28 சதவீதம். லாரிகள் இயல்பான சுமையோடுதான் ஓடுகின்றன. இவருக்கு இரும்பு மிகுதி நோய் இருக்க வாய்ப்பு குறைவு. இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதிகள், குடிப்பழக்கம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். இப்போது இன்னொரு தாள். அதே வயது, அதே 620. ஆனால் சீரம் அயர்ன் 190, டி.ஐ.பி.சி. 270. செறிவு 70 சதவீதம். இவரை விடக்கூடாது. மறுபரிசோதனை, கல்லீரல் ஸ்கேன், தேவைப்பட்டால் மரபணுச் சோதனை வரை போய்க் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். ஃபெரிட்டினை மட்டும் பார்த்தால் இந்த இருவரும் ஒரே ஆள். பரிசோதனைத் தொகுப்புகள் பலவும் ஃபெரிட்டினை மட்டும் எடுத்து அச்சிட்டு அனுப்பி, பயத்தை விற்றுவிட்டு, விடையைத் தராமல் விட்டுவிடுகின்றன என்பது என் வருத்தம்.

நம் பக்கம் ஃபெரிட்டின் ஏறி நிற்கும் நடுவயது ஆண்களில் பெரும்பாலோர் முதல் வகைதான். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டும் தொழில், நேரம் கெட்ட சாப்பாடு, ராத்திரி பத்து மணிக்குப் புரோட்டா, வாரக் கடைசியில் மது. அல்ட்ராசவுண்ட் எடுத்தால் 'ஃபேட்டி லிவர்' என்று ஒரு வரி வரும். "எல்லாருக்கும் இருக்குறதுதானுங்க" என்று அதைத் தள்ளிவிடுவார்கள். அந்த வரிதான் ஃபெரிட்டினுக்கான பதில் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எடையைக் குறைத்து, மதுவை விட்டால், பெரும்பாலும் எண் தானாக இறங்கும். கீரையை நிறுத்துவதால் இறங்காது.

மறுபரிசோதனைக்குப் போகும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பது நல்லது. சீரம் அயர்ன் பகலில் ஏறி இறங்கும், சாப்பாட்டுக்குப் பிறகும் மாறும். இரும்பு மாத்திரையோ மல்டிவைட்டமினோ எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் கேட்டுச் சில நாள் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது எடுத்தால் அந்த எண் எதையும் சொல்லாது. ஊசி குத்தும்போது சிவப்பணுக்கள் உடைந்த ரத்தம் போனாலும் முடிவு பிசகும்.

பரம்பரை நோயும் நம் மரபணுவும்

செறிவு 45 சதவீதத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவர்கள் நினைக்கும் பெயர் ஹீமோகுரோமட்டோசிஸ். 1865-இல் பிரெஞ்சு மருத்துவர் ட்ரூசோ, தோல் வெண்கல நிறமாகி, கல்லீரல் சுருங்கி, சர்க்கரை நோயும் சேர்ந்த ஒரு நோயாளியை எழுதிவைத்தார். அந்தப் பெயரைச் சூட்டியவர் 1889-இல் ஜெர்மனியின் ஃபான் ரெக்லிங்ஹவுசன். பரம்பரையாக வருவது என்று 1935-இல் நிறுவியவர் இங்கிலாந்தின் ஷெல்டன். 1996-இல் எச்.எஃப்.இ. மரபணு கண்டறியப்பட்டது. அதில் சி282ஒய் என்ற மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு ஹெப்சிடின் போதுமான அளவு சுரக்காது, குடலின் வாசல் எப்போதும் திறந்தே கிடக்கும். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் இருநூறு, முந்நூறு பேருக்கு ஒருவர் இந்த இரட்டை மாற்றத்தோடு பிறக்கிறார்.

இந்தியர்களிடம் அந்த மாற்றம் மிக மிக அரிது. எச்63டி என்ற இன்னொரு மாற்றம் நம்மிடம் உண்டு, ஆனால் அது தனியாக நின்று நோய் உண்டாக்குவது அபூர்வம். ஆகவே பல ஆயிரம் ரூபாய் கட்டி எச்.எஃப்.இ. சோதனை எடுத்து, 'எச்63டி உள்ளது' என்று வந்த தாளைப் பார்த்துத் தூக்கம் இழக்க வேண்டியதில்லை. எச்.எஃப்.இ. இல்லாத வேறு மரபணுக்களால் வரும் வகைகளும் உண்டு. அவற்றில் ஒன்று இருபது, முப்பது வயதுக்குள்ளேயே இதயத்தையும் பாலுறுப்புச் சுரப்பிகளையும் தாக்கும். அவற்றைத் தேடுவது ரத்தவியல் நிபுணரின் வேலை.

ட்ரூசோ கண்ட வெண்கல நிறத்தை நம் ஊரில் யார் கண்டுபிடிப்பார்கள்? எடப்பாடி, சங்ககிரி வெயிலில் காட்டு வேலை செய்யும் ஒருவர் கறுத்துப்போனால் "வெயில்ல சுத்துறாருங்க" என்று முடிந்துவிடும். எனவே மற்ற அடையாளங்களைத்தான் நம்ப வேண்டும்: ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் அடிமூட்டுகளில் வலி, காரணம் தெரியாத சோர்வு, ஒல்லியான ஆளுக்கு வரும் சர்க்கரை, கல்லீரல் நொதிகள் ஏறியே இருப்பது, ஆண்மைக் குறைவு. பெண்களுக்கு மாதவிலக்கு இருக்கும் வரை ஒரு பாதுகாப்பு உண்டு, அது நின்ற பிறகுதான் நோய் தலைகாட்டும்.

இதற்கான சிகிச்சை மிகப் பழையது, மிக எளியது: ரத்தத்தை எடுத்துவிடுவது. 450 மில்லி ரத்தம் எடுத்தால் அதோடு சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியே போகும். தொடக்கத்தில் வாரம் ஒரு முறை, ஃபெரிட்டின் 50-க்கும் 100-க்கும் நடுவே இறங்கிய பிறகு வருடத்துக்குச் சில முறை. கல்லீரல் சுருங்குவதற்கு முன்பே தொடங்கிவிட்டால் இந்த நோயாளி மற்றவர்களைப் போலவே முழு ஆயுளும் வாழலாம். இந்த நோய் உறுதியானவரின் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அண்ணனுக்கு வந்தால் தம்பியும் தங்கையும் ஃபெரிட்டினும் செறிவும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரத்தத்தோடு ஏறும் இரும்பு

ஆனால் இந்தச் சமவெளியிலும், அதைச் சுற்றி நிற்கும் ஏற்காடு, கொல்லிமலை, பச்சமலைச் சரிவுகளிலும், இரும்பு மிகுதி என்பதன் உண்மையான முகம் ஹீமோகுரோமட்டோசிஸ் அல்ல, தலசீமியா. இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா சங்கிலியை உடம்பால் செய்ய முடியாத பரம்பரைக் கோளாறு இது. 1925-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி இதை முதலில் விவரித்தார். இந்தியாவில் 1938-இல் கல்கத்தாவிலிருந்து முதல் பதிவு வந்தது. இன்று ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் தீவிர தலசீமியாவோடு இந்நாட்டில் பிறக்கிறார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. பிறக்கும்போது குழந்தை நன்றாகத்தான் இருக்கும். ஆறாவது மாதத்திலிருந்து வெளுக்கும், பால் குடிக்கச் சோம்பும், வயிறு உப்பும். அதன் பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றினால்தான் உயிர்.

ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட்டிலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதம் இரண்டு யூனிட் தேவைப்படும் இளைஞருக்கு வருடத்துக்கு 24 யூனிட், அதாவது 4,800 மில்லிகிராம். ஆரோக்கியமான ஆளின் உடம்பில் வாழ்நாள் முழுதும் இருக்கும் மொத்த இரும்பைவிட ஒரே வருடத்தில் ஏறுவது அதிகம். வெளியேற வழி கிடையாது. பத்து, இருபது முறை ரத்தம் ஏற்றியவுடனே, ஃபெரிட்டின் 1,000-ஐத் தொடும்போதே, இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தொடங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அப்படித் தொடங்காமல் விட்டால் பிள்ளை வளர்த்தி நிற்கும், வயசுக்கு வருவது தள்ளிப்போகும், சர்க்கரை வரும், தைராய்டு குறையும். கடைசியில் இதயம் தாளம் தப்பும். ரத்தம் ஏற்றும் வசதி இருந்தும் தலசீமியா பிள்ளைகள் இளவயதில் இறந்ததற்கு முதன்மைக் காரணம் இதயத்தில் படிந்த இரும்பு.

ரத்தம் ஏற்றும் நாள் எப்படியிருக்கும் என்பதை தலசீமியா வார்டுகளுக்கு வெளியே இருப்பவர்கள் அறிவதில்லை. மலையிலிருந்தோ கிராமத்திலிருந்தோ முதல் பஸ்ஸில் வருவார்கள். பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கு லீவு. அம்மாவின் பையில் ஒரு நோட்டு இருக்கும். தேதி, ஏற்றும் முன் ஹீமோகுளோபின், ஏற்றிய யூனிட், கடைசி ஃபெரிட்டின் என்று பள்ளிப் படிப்பை முடிக்காத பெண்கள்கூடக் கோடு போட்டு எழுதி வைத்திருப்பார்கள். ரத்தம் பொருத்திப் பார்த்து வருவதற்குள் மதியமாகும். பிறகு ஒரு பைக்கு மூன்று, நான்கு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். நடுவில் குளிர் நடுக்கம் வந்தால் நிறுத்த வேண்டும். கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு சேர்வார்கள். இவர்களுக்கு ரத்தம் கட்டணமில்லாமல் தரப்பட வேண்டும் என்பது தேசிய விதி.

ஏறிய இரும்பை இறக்கும் வேலை வீட்டில் நடக்கிறது. 1960-களிலிருந்து இருக்கும் டெஸ்ஃபெரால், வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி, சின்னப் பம்பு மூலம் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து இரவுகளாவது ஏற்ற வேண்டிய மருந்து. வாய்வழி எடுக்கும் டெஃபெரிப்ரோனை உலகிலேயே முதலில் விற்பனைக்கு அனுமதித்த நாடு இந்தியா. 1990-களின் நடுவில் சிப்லா நிறுவனம் கெல்ஃபர் என்ற பெயரில் கொண்டுவந்தது. அதைச் சாப்பிடும் பிள்ளைக்குச் சிறுநீர் சிவந்து போகும். முதல் நாள் அலறி அடித்துக்கொண்டு ஓடிவராத தாய் இல்லை. வெளியேறும் இரும்பின் நிறம் அது என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மருந்தில் வெள்ளணுக்கள் திடீரென்று சரியக்கூடும் என்பதால், காய்ச்சல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும்.

2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெஃபெராசிராக்ஸ்தான் இன்று பலருக்கும் தரப்படுவது. கரையும் மாத்திரையைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்கி, வெறும் வயிற்றில் குடித்து, அரை மணி கழித்துத்தான் சாப்பாடு. டம்ளரின் அடியில் ஒட்டிய வெண்துகளையும் மறுபடி தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடிக்க வேண்டும், மருந்தின் ஒரு பங்கு அதில்தான் தங்கியிருக்கும். மாதாமாதம் கிரியாட்டினினும் கல்லீரல் நொதிகளும் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அம்மா கொடுத்துவிடுவாள். பதினைந்து, பதினாறு வயதில்தான் சிக்கல். "தினமும் இதையே குடிக்கணுமா?" என்று டம்ளரை ஜன்னல் வழியாகக் கொட்டும் வயது அது. ஒரு மாதம் விட்டால் ஒன்றும் தெரியாது. சில வருடம் விட்டால் இதயம் சொல்லும்.

ஃபெரிட்டின் மட்டும் பார்த்து இதயத்தின் நிலையைச் சொல்லிவிட முடியாது என்பதை 2001-இல் லண்டன் மருத்துவர்கள் டி2ஸ்டார் என்ற எம்.ஆர்.ஐ. முறையால் காட்டினார்கள். இதயத்தில் அந்த அளவு 20 மில்லிசெகண்டுக்குக் கீழே போனால் இரும்பு படிந்திருக்கிறது, 10-க்குக் கீழே போனால் ஆபத்து நெருங்கிவிட்டது. இந்தச் சோதனை பெரிய நகரங்களில்தான் கிடைக்கிறது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் இல்லாத மாவட்டம் இன்று அரிது. அதில் இந்தக் கணக்கீட்டைச் செய்யத் தெரிந்த ஆளும் மென்பொருளும்தான் இல்லை. அதைக் கொண்டுவருவது முடியாத காரியம் அல்ல.

முழுக் குணத்துக்கு எலும்பு மஜ்ஜை மாற்று இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1986-லேயே ஒரு தலசீமியா குழந்தைக்கு அதைச் செய்தது. பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால், இரும்பு படிந்து கல்லீரல் கெடும் முன்பே செய்தால், பலன் நன்றாக இருக்கிறது. கோல் இந்தியா நிறுவனம் 2017 முதல் இதற்கு 10 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டத்தை நடத்துகிறது, சி.எம்.சி.யும் அந்தப் பட்டியலில் உள்ளது. மாற்று வெற்றி பெற்ற பிறகும் பழைய இரும்பு உள்ளேயே இருக்கும். நேற்றுவரை ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த அதே பிள்ளைக்கு, இப்போது மாதாமாதம் ரத்தத்தை எடுத்து இரும்பை இறக்குவார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவையும் சேர்த்துக்கொண்டது. சான்றிதழ் வாங்காத குடும்பங்கள் வாங்கிவைக்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகளைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கையில் மாதுளையும் பேரீச்சையும் டானிக் பாட்டிலும் இருக்கும். "புள்ள வெளுத்துக் கெடக்குதே கண்ணு, ரத்தம் ஊற வேண்டாமா" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். மாதுளையால் ஒன்றும் கெட்டுவிடாது. டானிக்கை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இரும்பு ஏறாத அத்தை

என் அத்தை ஒருவர் ராசிபுரத்துக்காரர். முதல் பிரசவத்திலிருந்து இரும்பு மாத்திரை சாப்பிட்டவர். பிறகு டானிக், பிறகு ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஊசி. ஹீமோகுளோபின் பத்தரையைத் தாண்டியதே இல்லை. "இவ ஒடம்புல சத்தே ஒட்டாதுங்க" என்று மாமா சொல்லிக்கொண்டிருப்பார். அவர் பேத்தி கர்ப்பமானபோது எடுத்த ஒரு பரிசோதனையில் பேத்தி தலசீமியா மரபுக்கடத்தி என்று தெரிந்தது. வீட்டில் வரிசையாகப் பார்த்தபோது அத்தையும் அப்படியே. அப்போதுதான் முதல் முறையாக அவருக்கு ஃபெரிட்டின் எடுத்தார்கள். அது நானூறுக்கு மேல். இரும்பு குறையவே இல்லாத ஒருவருக்கு இத்தனை காலம் இரும்பு கொடுத்திருக்கிறோம்.

மரபுக்கடத்திக்கு நோய் கிடையாது. ஒரு மரபணு பழுது, மற்றொன்று சரி. வாழ்நாள் முழுதும் லேசான ரத்தசோகை இருக்கும், அவ்வளவுதான். ஆனால் சிவப்பணுக்கள் சிறிதாக இருப்பதால் தாளில் பார்க்க இரும்புக் குறைபாடு போலவே தெரியும். பிரித்தறிய ஒரு மலிவான வழி இருக்கிறது. சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்.சி.வி. என்ற எண்ணை, சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்துப் பார்க்க வேண்டும். எம்.சி.வி. 64, சிவப்பணு 5.6 என்றால் 11.4. விடை 13-க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்கலாம், மேலே வந்தால் இரும்புக் குறைபாட்டை. உறுதி செய்ய எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனை. அதில் ஹீமோகுளோபின் ஏ2 மூன்றரை சதவீதத்துக்கு மேல் இருந்தால் மரபுக்கடத்தி.

கடத்திகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு தீவிர தலசீமியாவுக்கு. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் ரத்த உறவுக்குள்ளேயே நடக்கின்றன. மாமன் மகள், அத்தை மகன் என்ற முறை நம் பக்கத்தில் இன்னும் வலுவாகவே இருக்கிறது. அதை இங்கே குறை சொல்ல வரவில்லை. நிச்சயம் செய்வதற்கு முன் இருவருக்கும் ஓர் எச்.பி.எல்.சி. எடுத்துவிட்டால் போதும். இருவரும் கடத்திகளாக இருந்து திருமணமும் ஆகிவிட்டால், கர்ப்பத்தின் 10 முதல் 12 வாரத்துக்குள் கருவைச் சோதிக்கும் வசதி வேலூர் போன்ற இடங்களில் உண்டு. மலைவாழ் மக்களிடையே ஹீமோகுளோபின் கோளாறுகளுக்கான பரிசோதனையைத் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வழியாக மாநில அரசு நடத்துகிறது. 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கதிர் அரிவாள் அணு என்ற ஹீமோகுளோபின் கோளாறை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்த நாளிலிருந்து கவனம் மலையின் மேலேயே இருக்கிறது. அது தேவைதான். ஆனால் தலசீமியா மரபணு அடிவாரத்தில் நின்றுவிடவில்லை, ஆத்தூரிலும் திருச்செங்கோட்டிலும் இருக்கிறது.

நடுவில் ஒரு வகையும் உண்டு. ரத்தம் அடிக்கடி ஏற்றத் தேவைப்படாத, ஆனால் ஹீமோகுளோபின் ஏழு, எட்டிலேயே நிற்கும் 'இன்டர்மீடியா' தலசீமியா. இவர்களிடம் எலும்பு மஜ்ஜை ஓயாமல் உழைத்து, ஹெப்சிடினை அடக்கிவிடுகிறது. குடலின் வாசல் விரியத் திறந்துகொள்கிறது. ஒரு பை ரத்தம்கூட ஏற்றாமலே முப்பது வயதில் கல்லீரல் முழுக்க இரும்பு. "ரத்தம் கம்மி" என்று இவர்களுக்கு இரும்பு மாத்திரை கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கொடுமை. சாப்பாட்டோடு தேநீர் குடிக்கச் சொல்லி மருத்துவர் இவர்களுக்கு அறிவுறுத்துவதுண்டு. தேநீரின் துவர்ப்பு இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

கஞ்சமலையும் ரேஷன் அரிசியும்

"எங்க மண்ணுலயே இரும்பு இருக்குதே, கெணத்துத் தண்ணியிலதான் வருதுங்களா?" என்ற கேள்வியைச் சேலத்தில் கேட்காதவர் குறைவு. கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட், 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியபோது சேலத்துத் தாதுதான் போனது. ஆனால் மேக்னடைட் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. செம்மஞ்சளாக வரும் ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரத்தைக் கறையாக்கும், துணியைக் கெடுக்கும். ஹெப்சிடின் சரியாக வேலை செய்யும் ஆளின் ஃபெரிட்டினை ஆயிரத்துக்கு ஏற்றாது. இரும்புச் சட்டியும் அப்படியே.

செறிவூட்டப்பட்ட ரேஷன் அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு சேர்க்கப்படுகிறது. பெரும்பாலான மக்களுக்கு இதனால் கெடுதல் இல்லை. தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் ஆலோசனையோடு உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை வாசகத்தை 2018-இன் விதிமுறை கட்டாயமாக்கியது, பிறகு நிபுணர் குழு ஒன்றின் கருத்தின் பேரில் அது விலக்கப்பட்டது. மூட்டையில் அச்சிட்ட வாசகத்தைப் பையில் அரிசி வாங்கிப்போகும் யாரும் படித்ததில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இன்டர்மீடியா நோயாளிகளுக்கு இது நேரில் சொல்லப்பட வேண்டிய செய்தி, விலக்கியதோடு பொறுப்பு தீர்ந்துவிடவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் யாரும் சிவப்பு நிற இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. நம் பெண்களில் பெரும்பாலோருக்கு இரும்பு உண்மையிலேயே குறைவு. தலசீமியா கடத்திக்கும் கர்ப்பத்தில் இரும்பு குறையலாம். குறைவா இல்லையா என்பதை ஃபெரிட்டின் சொல்லட்டும், மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்ய வேண்டிய மாற்றம் பெரிதல்ல. இரும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறாவிட்டால், மூன்றாவது மாதத்துக்கு அதே மாத்திரையைக் கொடுக்காமல், ஃபெரிட்டினுக்கும் எச்.பி.எல்.சி.க்கும் ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முடிவு எத்தனை நாளில் அந்த நிலையத்துக்குத் திரும்பி வரும், வந்ததும் அந்தப் பெண்ணை யார் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்தே இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் எழுதிவைக்க வேண்டும்.